கண்ணாடி அறைக்கு யார் பொறுப்பு?

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த குடியிருப்போர் சங்கத் தேர்தலில் எதிரெதிர் வீட்டு ஓரகத்திகள் இரண்டு பேருமே ஜெயித்துத் தொலைத்ததைப் பார்த்தோம். அதில் அதிகம் அதிர்ந்துபோனவர்கள் அவர்களேதான். ஒருத்தி நிற்பது தெரியாமல் இன்னொருத்தியும் பெயர் கொடுத்திருந்தாள். மூன்றாவது மாடியில் லிஃப்டுக்கு இந்தப் பக்கம் பெரியவள் வீட்டுக் கதவு, அந்தப் பக்கம் சின்னவள் வீட்டுக் கதவு. நடுவில் நாலு எட்டு வைத்தால் போதும். இருந்தும் சேதி தாண்டவில்லை.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குடியிருப்பவர்கள் நாலு பேரைத் தேர்ந்தெடுப்பதோடு சரி. யார் தலைவர், யார் கையில் என்ன பொறுப்பு என்பதை அந்த நாலு பேரும் அடுத்த ஞாயிறு உட்கார்ந்து தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். சாயங்காலத்துக்குள் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். ஒட்டிய பிறகு வருஷம் முழுக்க மாற்ற முடியாது.

அந்த ஞாயிறு விடிந்து, பெரியவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோதே சின்னவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அக்கா, கட்டட ஒழுங்குப் பொறுப்பை நீங்கதான் எடுத்துக்கணும்."

"வர்றப்பவே இதானா? உக்காரு, டீ போடறேன்."

"டீ தொண்டையில இறங்காது. விசில் டீச்சர் அதைத்தான் குறி வச்சிருக்காங்க. அவங்க கைக்குப் போச்சுன்னா மாமாவோட ரூம் போச்சு. நீங்களே வச்சுக்கிட்டு வருஷம் முழுக்க தூங்குங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு, இறங்காது என்று சொன்ன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

சின்னவளுக்கு நாய் பூனை ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் வேலை. கடிக்க வரும் நாயிடம்கூடக் கனிவாகப் பேசுகிறவள். தன் வீட்டு விஷயம் என்று வந்துவிட்டால் மட்டும் அந்தக் கனிவு எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. அவள் கணவன், பெரியவளுக்குக் கொழுந்தன், அலுமினிய ஜன்னல் பட்டறை வைத்திருக்கிறான். அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு அவன் போட்ட ஜன்னல்தான்.

ஓரகத்திகளின் மாமனாருக்கு, அதாவது தன் அப்பாவுக்கு, அவன் தன் கையாலேயே ஓர் அறை கட்டிக் கொடுத்திருந்தான். மாமியார் இருந்தவரை இருவரும் பெரியவள் வீட்டில் இருந்தார்கள். மாமியார் போனதும், பெரியவளின் பெண்கள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டதும், இடம் நெருக்கியது. "அப்பாவை நான் பாத்துக்கறேன் அண்ணி" என்று தம்பி முன்வந்தான். தன் வீட்டுப் பால்கனியை மூன்று பக்கமும் கண்ணாடியால் அடைத்தான். கட்டில் போட்டான், விளக்குப் போட்டான், கதவு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும்படி தண்டவாளம் வைத்தான். பார்த்தவர்கள் எல்லாம் இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். மாமனாரும் நல்லா இருக்குடா என்றார்.

சங்கத்தின் சட்டமோ பால்கனியை யாரும் அடைக்கக் கூடாது என்கிறது.

பொதுக்கூட்டத்தில் எழுந்து அதைச் சொன்னவர் விசில் டீச்சர். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். கழுத்தில் இப்போது விசில் இல்லை, குரலில் இருக்கிறது. பழைய கமிட்டியில் கட்டட ஒழுங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டதால் புகார் அந்தரத்தில் நின்றது. இனி அந்தப் பொறுப்பை ஏற்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பது. கொடுத்தால் மாமனார் எங்கே படுப்பார்? பெரியவளின் கணவர் கப்பலில் இன்ஜினியர், வருஷத்தில் பாதி கடலில். அவரிடம் போனில் கேட்டால், "நீ பாத்து முடிவு பண்ணு" என்பார். இத்தனை வருஷமும் அதையேதான் சொல்லிவருகிறார்.

"என்ன அக்கா, பதிலே காணோம்?"

"மத்தியானம் பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்."

சின்னவள் டம்ளரை வைத்த வேகத்தில் சமையல் மேடை அதிர்ந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு நாலு பேரும் கீழ்த்தளத்துச் சங்க அறையில் கூடினார்கள். அங்கே இருப்பது ஒரே ஒரு மேசை, அதுவும் டேபிள் டென்னிஸ் மேசை. நடுவில் கட்டிய வலையை அவிழ்க்க யாருக்கும் பொறுமையில்லை. வலைக்கு இந்தப் பக்கம் ஓரகத்திகள், அந்தப் பக்கம் விசில் டீச்சரும் இரண்டாவது மாடிப் பல் டாக்டரும்.

பல் டாக்டர் யாரிடமும் சண்டைக்குப் போகாத மனிதர். நாள் முழுக்க மற்றவர்களின் வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லியே தன் வாயை மூடிப் பழகியவர். அவரைத் தலைவராக்க எல்லோருக்கும் சம்மதம். தலைவர் என்ற முறையில் அவர் போட்ட முதல் உத்தரவு, தன் தலையில் இருந்ததை இறக்கி வைப்பது.

"நம்ம டிப்போ மேடம் இருக்கும்போது நான் எதுக்குப் பிரிச்சுக்கிட்டு? அவங்க தினமும் பண்ற வேலைதானே. அவங்களே போடட்டும், நாம ஒத்துக்கலாம்."

பெரியவள் பஸ் டிப்போவில் டூட்டி போடுகிறவள். எந்த டிரைவர் எந்த வண்டியில் எந்த ரூட்டில் போக வேண்டும் என்று வாராவாரம் சார்ட் எழுதுவது அவள் வேலை. கெஞ்சலும் மிரட்டலும் அங்கே பழக்கமானவைதான். ஆனால் டிப்போவில் இருப்பவர்கள் யாரும் அவளுக்கு ஓரகத்தி இல்லை.

"சரி, நான் போடறேன். ஆனா எங்க டிப்போ முறைப்படிதான் போடுவேன்."

"அது என்ன முறை?" என்றார் டாக்டர்.

"சொந்த வீடு இருக்கிற ரூட்ல யாருக்கும் டூட்டி கிடையாது. வீட்டு வாசல் வந்தா எப்பேர்ப்பட்ட டிரைவருக்கும் கால் பிரேக்குக்குப் போயிடும். ஒரு வாய் காபி குடிச்சுட்டு வந்துடறேம்பான். பின்னாடி இருக்கறவங்க கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும்."

டாக்டர் சிரித்தார். சின்னவள் சிரிக்கவில்லை. அக்கா எங்கே போகிறாள் என்பது அவளுக்கு முதல் வளைவிலேயே புரிந்துவிட்டது.

"அப்படின்னா கட்டட ஒழுங்கு எங்க ரெண்டு பேருக்கும் கிடையாது," என்றாள் பெரியவள். "டாக்டருக்கும் கிடையாது. வெளிச்சுவர்ல அவரோட கிளினிக் போர்டு தொங்குது, அதுவும் சட்டப்படி தப்பு."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"மிச்சம் நான்தான்," என்றார் விசில் டீச்சர். "குடுங்க. நான் பாத்துக்கறேன்."

"அக்கா!"

சின்னவளின் குரலில் மேசை மூலையில் கிடந்த பந்து உருண்டு விழுந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் விழுந்தது நிஜம். அவள் எழுந்த வேகத்தில் முட்டி மேசையில் இடித்திருக்கும்.

"புகார் கொடுத்தவங்க கையிலேயே தீர்ப்பையும் குடுக்கறீங்களா? உங்க ரூல் உங்களுக்குக் கையைக் கழுவிக்க நல்ல வழி. மாமா உங்களுக்கும் மாமாதான், ஞாபகம் இருக்கா?"

பெரியவளுக்குச் சுருக்கென்றது. இல்லாததைச் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். சின்னவள் சொன்னதில் பாதி உண்மை. வேறு யாருக்காவது போய்விட்டால் தேவலை என்று அவள் நினைத்தது நிஜம்தான். மாமாவை அந்த அறையிலிருந்து கிளப்பும் கை தன்னுடையதாக இருக்க வேண்டாம் என்பதுதான் காலையிலிருந்து அவள் வேண்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் எழுதல. தண்ணி, பம்ப் ரூம் பொறுப்பும் பிரிக்க வேண்டியிருக்கு. அது போன வருஷம் டீச்சர்கிட்ட இருந்துச்சு. வாங்க டீச்சர், பம்ப் ரூமைக் காட்டுங்க."

"இப்பவா?" விசில் டீச்சரின் குரல் முதல்முறையாக இறங்கியது. "அதுல பாக்க என்ன இருக்கு? ரெண்டு மோட்டார். அப்புறம் பாத்துக்கலாம்."

"ஒரு தடவை வண்டியில போய்ப் பாக்காத ரூட்டுக்கு நான் டூட்டி போடறதில்ல."

"நாளைக்கு வச்சுக்கலாமே."

"சாயங்காலம் ஒட்டணும் டீச்சர்."

டீச்சர் கைப்பையைத் துழாவினார். பிறகு சாவிக் கொத்தை எடுத்தார். "சரி. நீங்க மட்டும் வாங்க."

சின்னவளையும் டாக்டரையும் வலைக்கு இரண்டு பக்கமும் விட்டுவிட்டு இருவரும் அடித்தளத்துக்கு இறங்கினார்கள். கார்கள் நிற்கும் வரிசையைத் தாண்டி, கடைசி மூலையில் ஓர் இரும்புக் கதவு. உள்ளே மோட்டார் ஓடும் சத்தம் வெளியிலேயே கேட்டது.

டீச்சர் சாவியைப் போடவில்லை. கதவைத் தட்டினார்.

பம்ப் அறைக் கதவை யாராவது தட்டுவார்களா? பெரியவள் அவரைத் திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விலகியது.

"வாங்க டீச்சர். இன்னிக்கு மீட்டிங்னு..." என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தவர் அவளுடைய மாமனார்.

தலைமுடி ஒரு பக்கமாக அழுந்தியிருந்தது. முகத்தில் தூங்கி எழுந்த களை. அவருக்குப் பின்னால், மோட்டாரை ஒட்டிய சுவரோரம், ஒரு மடக்குக் கட்டிலும் தலையணையும் ஒரு சின்ன விசிறியும். ஜன்னல் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் பூங்காவில் கூட்டாளிகளோடு அரட்டை என்று தினமும் சொல்லிவிட்டுப் போகிற மனிதர் இங்கே இருந்தார்.

மாமனார் அழுந்திய தலைமுடியைக் கையால் கோதிவிட்டுக்கொண்டார்.

"உள்ள வாம்மா. கதவைச் சாத்திக்க," என்றார். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல அவர் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எத்தனை நாளா மாமா?"

"மழை முடிஞ்சதுலேர்ந்து."

"எதுக்கு?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அவள், கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

அவர் சினிமாத் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரே அறை, ஒரே இருட்டு, பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் மெஷின். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? ஒருவரும் அதை யோசிக்கவில்லை.

"ஜனம் என்னைப் பாத்ததே இல்லம்மா. படம் அறுந்துபோனா மட்டும் மேல திரும்பிக் கத்துவாங்க. அவ்வளவுதான் நமக்கும் அவங்களுக்கும். இப்ப எதிர் பிளாக் மொத்தமும் என்னைத்தான் பாக்குது. கொட்டாவி விட்டா அந்த மூணாவது மாடி அம்மா மறுநாள் கேக்கறாங்க, தூக்கம் சரியில்லையான்னு. அவங்களுக்குத் தினமும் கை ஆட்டணும். ஆட்டலேன்னா உடம்புக்கு என்னமோன்னு போன் பண்ணிடறாங்க."

"திரை போட்டுக்க வேண்டியதுதானே?"

"போட்டேன். உன் கொழுந்தன் வந்து விலக்கிட்டான். வெளிச்சம் வரட்டும்பாங்கறான். அவனோட தொழிலே கண்ணாடிதானே. ஜன்னல் போட வர்றவங்களையெல்லாம் கூட்டிட்டு வந்து என் ரூமைத்தான் காட்டறான். எங்கப்பாவுக்குப் போட்டது பாருங்கன்னு அவன் முகத்துல ஒரு சந்தோஷம். அதுல போய் நான் எப்படிம்மா மண்ணைப் போடறது?"

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இருட்டும் சத்தமும் அவருக்குப் பொருந்தியிருந்ததைப் பெரியவள் பார்த்தாள். அந்தக் கண்ணாடி அறையில் அவர் முகம் இப்படி நிம்மதியாக இருந்து அவள் பார்த்ததில்லை.

"இங்க மனுஷன் தூங்கறது சரியில்லன்னு எனக்கும் தெரியும்," என்றார் விசில் டீச்சர். கதவருகிலேயே நின்றார். "மின்சார போர்டு இருக்கு, ஈரம் இருக்கு. சொல்லிப் பாத்தேன். மகன்கிட்ட பேசுங்கன்னேன். மாட்டேன்னுட்டார். சரி, சட்டம் கழட்டச் சொன்னா யார் மனசும் நோகாதேன்னு யோசிச்சோம். அதான் கூட்டத்துல எந்திரிச்சேன். திட்டு நான் வாங்கிக்கறேன், எனக்கென்ன, பழக்கம்தான்."

ஆக, வீடு முழுக்க வரிந்து கட்டிக்கொண்டு காப்பாற்றக் கிளம்பிய அறை அது. அதை இடிக்கச் சொன்னதே அந்த அறைக்கு உரியவர்தான். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதரை அங்கே இங்கே மாற்றி வைக்கும்போது ஒரு வார்த்தை கேட்டோமா என்று நினைத்துக்கொண்டாள். டிப்போவில் டிரைவரைக்கூட, எந்த ஷிப்ட் தோதுப்படும் என்று கேட்டுத்தான் அவள் போடுவாள்.

"கழட்டினதுக்கு அப்புறம் எங்க மாமா படுப்பீங்க? அதையாவது யோசிச்சீங்களா?"

அவர் தலையணை உறையின் ஓரத்தை இழுத்துவிட்டார்.

"உங்க வீட்டுல சாமான் ரூம் இருக்கே."

"அதுல ஜன்னலே கிடையாதே மாமா."

"அதான்," என்றார் அவர். ஆசையை வாய்விட்டுச் சொல்லிவிட்டவரின் வெட்கம் அவர் முகத்தில் இருந்தது.

பழைய பெட்டிகளும் உடைந்த நாற்காலியும் கிடக்கும் அறைக்கு ஒரு மனிதர் மாதக்கணக்கில் ஆசைப்பட்டிருக்கிறார், வாசலைத் தாண்டி வந்து கேட்க வாய் வரவில்லை.

"இப்பவே வாங்க. நான் தம்பிகிட்டப் பேசறேன்."

"வேணாம்!" அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்னா, அண்ணி அப்பாவைப் பிரிச்சுட்டாங்கம்பான். சின்னவ உன் முகத்துலயே முழிக்க மாட்டா. அவன் கட்டினது பிடிக்கலேன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவான். டீச்சர் நோட்டீஸ் குடுக்கட்டும். விதியேன்னு எல்லாரும் ஒத்துக்குவோம். உன் வாயால எதையும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பெரியவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தோளைக் குலுக்கினார்.

"சரி மாமா. என் வாயால சொல்ல மாட்டேன்."

படியேறும்போது டீச்சர் கேட்டார். "அப்ப கட்டட ஒழுங்கு எனக்குத்தானே?"

பெரியவள் முன்னால் நடந்தாள். நாலைந்து படி ஏறியதும்தான் அவளுக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. டீச்சர் நோட்டீஸ் கொடுத்தால் என்ன ஆகும்? தம்பி சண்டைக்குப் போவான். வக்கீலைப் பிடிப்பான். அப்பாவுக்காக வருஷக்கணக்கில் வழக்கு நடத்துகிற ரகம் அவன். அதுவரை அப்பா மின்சார போர்டுக்கடியில் படுத்திருப்பார். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்?

சங்க அறைக்குள் நுழைந்ததும் சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் யாராவது பேச மாட்டார்களா என்பதுபோலப் பார்த்தார்.

பெரியவள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டே படித்தாள்.

"தலைவர் டாக்டர். கணக்கு வழக்கு டீச்சர், அவங்க கையை மீறி எதுவும் போகாது. கட்டட ஒழுங்கு..."

சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டது அவளுக்குக் கேட்டது.

"நான்."

"உங்க ரூல்?" என்றார் டாக்டர், ஆச்சரியத்தோடு.

"என் ரூலை நானே மாத்தறேன். வண்டியை நிறுத்தி உள்ள யாரு எப்படி இருக்காங்கன்னு பாக்க வேண்டிய வீடும் இருக்கு டாக்டர். ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிடறேன். நோட்டீஸ் குடுக்கணும்னு வந்தா எங்க வீட்டுக்கே முதல்ல குடுப்பேன். அப்புறம் யாரும் ஏன்னு கேக்கக் கூடாது."

சின்னவள் மேசைக்கடியில் அவள் காலைத் தன் காலால் லேசாகத் தட்டினாள். மற்றவர்களுக்காக அக்கா விறைப்புக் காட்டுகிறாள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். காலையிலிருந்து இல்லாத கனிவு அவள் முகத்தில் ஒரே நொடியில் வந்து உட்கார்ந்தது.

"சரி அக்கா, எனக்கு?"

"தண்ணி. பம்ப் ரூம். மோட்டார் ஒழுங்கா ஓடுதா, உள்ள எல்லாம் சரியா இருக்கான்னு தினமும் நீதான் இறங்கிப் பாக்கணும். சாவியை டீச்சர் நாளைக்குக் காலைல குடுப்பாங்க."

விசில் டீச்சர் வாயைத் திறந்தார். பெரியவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். டீச்சர் திறந்த வாய்க்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

என் வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் அவள் சத்தியம் செய்திருந்தாள். சார்ட் சொல்லக் கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை. இருந்தாலும் பெயரெழுதிக் கையெழுத்துப் போடும்போது அவளுக்குக் கை கூசியது.

வெயில் தணிந்த நேரத்தில் சார்ட்டை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிட்டு அவள் சின்னவள் வீட்டுக்குப் போனாள். சின்னவள் வாசலிலேயே கட்டிக்கொண்டாள்.

"காலைல பேசினதை மனசுல வச்சுக்காதீங்க அக்கா. எனக்கு வாய் நீளம். நீங்க இருக்கிற வரைக்கும் மாமாவை இந்த ரூம்லேர்ந்து யாரும் அசைக்க முடியாது, எனக்குத் தெரியும்."

பெரியவளுக்கு அந்த அணைப்பு சுட்டது.

கண்ணாடி அறையில் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிர் பிளாக்கில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்மணி கை ஆட்ட, அவரும் ஆட்டினார். தம்பி ஸ்டூலில் ஏறி நின்று மேல்சட்டத்தில் திருகு முடுக்கிக்கொண்டிருந்தான். சேதி அதற்குள் அவனை எட்டியிருந்தது.

"அண்ணி, பொறுப்பு நம்ம கைக்கு வந்ததுக்கு அப்புறம் இனி பயமில்ல. மேலயும் ஒரு விளக்கு வரிசை போடறேன். பகல்ல மட்டும் என்ன, இருட்டினாலும் அப்பாவுக்குப் பளிச்சுனு இருக்கும். என்னப்பா?"

"நல்லா இருக்குடா," என்றார் மாமனார்.

சின்னவள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். "மாமா, உங்களுக்கு ஒரு சேதி. பம்ப் ரூம் இனி என் ராஜ்ஜியம்."

அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். "சாவி எப்பம்மா கைக்கு வருது?"

"காலைல மாமா. வாங்கின கையோட இறங்கிப் பாத்துட்டுத்தான் மறுவேலை. அந்த டீச்சர் உள்ள என்னென்ன போட்டு அடைச்சு வச்சிருக்காங்களோ."

மாமனார் தலையைத் திருப்பிப் பெரியவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணில் இருந்தது கோபமில்லை. பயந்த மனிதர் பயந்தபடியே ஒரு முடிவுக்கு வருவது அதில் தெரிந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"டேய், அதை வச்சுட்டு இப்படி வா."

"இந்தத் திருகை முடிச்சுட்டு வந்துடறேம்பா."

"முடிக்காதே. வா."

அப்பா அந்தக் குரலில் பேசித் தம்பி கேட்டதில்லை. இறங்கினான்.

தகப்பனும் பிள்ளையும் பேசட்டும் என்று பெரியவள் எழுந்தாள்.

"நீ எங்கம்மா போறே? உக்காரு," என்றார் மாமனார். அவர் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. "பாதியில எனக்குப் பேச்சு நின்னுபோனா, மீதியை நீதான் சொல்லணும்."

சின்னவள் ஒன்றும் புரியாமல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தம்பி கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு அப்பாவின் காலருகே தரையில் உட்கார்ந்தான்.

"என்னப்பா, எங்கயாவது ஒழுகுதா? சொல்லுங்க, இப்பவே சரி பண்ணிடறேன்."